நூற்று முப்பத்தெட்டுப் பற்கள்

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, "ஸ்கேன் அக்கா வீடு எங்கே?" என்று கேட்டால் ஆட்டோக்காரர்கள் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார்கள். கூடவே பிள்ளைத்தாய்ச்சி யாராவது இருந்தால் ஆஸ்பத்திரிப் பக்கம் கை காட்டுவார்கள். உங்கள் சட்டையில் கிரீஸ் இருந்தால் துறையூர் ரோட்டுப் பக்கம் கை காட்டுவார்கள். அங்கே ஒரு பழைய இரும்புக் கடைக்குப் பின்னால், டிராக்டர் டயருக்குள் செம்பருத்தி வளர்க்கிற வீட்டில்தான் தமிழ்மொழி இருக்கிறாள். வயது முப்பத்தாறு. அவளுடைய ஸ்கூட்டரில் முன்னால் ஒரு லேப்டாப் பை தொங்கும். சீட்டுக்கு அடியில் ஒயர்களும், சுற்றுகிற எதையும் தொடாமலே அதன் வேகத்தை அளக்கிற கையடக்க மீட்டர் ஒன்றும், ஒரு சோப்பு டப்பாவும் இருக்கும். டப்பாவுக்குள் சோப்பு இருக்காது. லாரிகளுக்குப் பின்னால் ஒட்டுவார்களே, வெளிச்சம் பட்டால் மின்னுகிற ஸ்டிக்கர், அது நகத்தளவுத் துண்டுகளாக வெட்டி வைத்திருக்கும்.

அரியலூர், பெரம்பலூர் இரண்டு மாவட்டத்திலும் பூமிக்கு அடியில் சுண்ணாம்புக்கல், மேலே கல் உடைக்கிற கிரஷர். ஆகவே கல் சுமக்கிற டம்பர், அள்ளிப் போடுகிற லோடர், தோண்டுகிற பொக்லைன் இல்லாத ஊரே கிடையாது. அவற்றில் பாதிக்கு மேல் எங்கோ வெளிமாநிலத்தில் பாடுபட்டு, ஏலத்தில் கை மாறி வந்தவை. வரும்போது பெயிண்ட் மட்டும் புதுசாக வரும், வியாதி எல்லாம் பழசாகவே வரும். அந்த வியாதியைக் கண்டுபிடிப்பதுதான் தமிழ்மொழியின் பிழைப்பு. அதிலும் ஓவர் ஸ்பீட் என்றால் அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

ஓவர் ஸ்பீட் என்றதும் வண்டி பறக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். வண்டி நத்தையாக ஊர்ந்துகொண்டிருக்கும்போதே உள்ளே என்ஜின் வெறிபிடித்துச் சுற்றலாம். நிமிடத்துக்கு இரண்டாயிரத்து நூறு சுற்று என்று செய்த என்ஜினை மூவாயிரம் சுற்ற விட்டால் வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொள்ளும். அப்புறம் அதை எடைக்குத்தான் போட வேண்டும். டீசல் பம்ப் சிக்கிக்கொண்டாலும் அப்படி ஆகும். சுமையோடு இறங்கும்போது தப்பான கியரில் விட்டால், சக்கரமே என்ஜினைப் பிடித்து ஓட ஓட விரட்டும். எதனால் என்று சொல்லத்தான் ஆள் வேண்டும்.

இந்த வேலைக்கு அவள் வந்ததே ஒரு வேடிக்கை. பிறந்தது விக்கிரமங்கலம். அம்மா செங்கமலம் அடுத்தவர் வயலில் நடவு நட்டு, களை பறித்து, மகளை அரசு பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் சேர்த்தாள். அறுபது பேர் வகுப்பில் பெண்கள் மூன்று பேர். படித்து முடித்ததும் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கனரக இயந்திரக் கம்பெனியில் வேலை கிடைத்தது. ஆனால் சைட்டுக்கு அனுப்ப மாட்டோம் என்றார்கள். பொம்பளைப் பிள்ளை பாறைக்கும் பள்ளத்துக்கும் போய் என்ன செய்யும் என்று அவர்களாகவே கவலைப்பட்டு, போன் எடுக்கிற மேஜையில் உட்கார வைத்தார்கள். எட்டு வருஷம் உட்கார்ந்தாள். ஊர் ஊராக வண்டி நின்றுபோன டிரைவர்களும் மெக்கானிக்குகளும் போனில் கத்துவார்கள். இவள் கேள்வி கேட்பாள். "புகை என்ன நிறம்ணே? காலையிலயா, சூடு ஏறுனதுக்கு அப்புறமா? போனை என்ஜின்கிட்ட கொண்டு போங்க, நான் கேக்குறேன்." எட்டு வருஷத்தில் ஒரு வண்டியைக்கூடத் தொடாமல் ஆயிரம் வண்டிகளின் நோயைக் காதால் படித்தாள். அவளைச் சைட்டுக்கு அனுப்பாதவர்களுக்கு இது கடைசிவரை தெரியாது.

கல்யாணமாகிப் பெரம்பலூர் வந்ததும் சொந்தமாகத் தொடங்கினாள். கணவன் அறிவழகன் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், சண்டை போடத் தெரியாத மனுஷன். முதல் ஆறு மாதம் ஒருத்தரும் கூப்பிடவில்லை. பெண்பிள்ளை என்று ஒரு தயக்கம், லேப்டாப் என்று இன்னொரு தயக்கம்.

அப்புறம் ஆலத்தியூர்ப் பக்கம் ஒரு கிரஷரில் அது நடந்தது. லோடர் ஒன்று ஆயிலைத் தானே குடித்துக்கொண்டு கண்மண் தெரியாமல் சுற்ற ஆரம்பித்தது. சாவியை அணைத்தாலும் நிற்கவில்லை. காற்றை உள்ளே தள்ளுகிற டர்போ வழியாகச் சொந்த ஆயிலே உள்ளே போய் எரியும்போது டீசலை நிறுத்தி என்ன பயன்? ஆபரேட்டர் குதித்து ஓடினார், மற்றவர்கள் அதற்கு முன்பே ஓடிவிட்டார்கள். வேறொரு வண்டியைப் பார்க்க வந்திருந்த தமிழ்மொழி, கிடந்த ரப்பர் பாயையும் பலகையையும் தூக்கிக்கொண்டு போய்க் காற்று உறிஞ்சும் குழாயின் வாயை அடைத்தாள். காற்று கிடைக்காமல் என்ஜின் இரண்டு முறை இருமிவிட்டு அடங்கியது. அன்று சாயங்காலத்திலிருந்து அவள் போன் ஓயவில்லை. லேப்டாப்பைச் செருகி வண்டிக்கு ஸ்கேன் எடுக்கிறவள் என்பதால், ஸ்கேன் அக்கா என்ற பெயரும் அன்றுதான் ஒட்டியது.

பெயர் வந்தால் கூடவே ஒரு ஆபத்தும் வரும், நாம் சொல்வதை எல்லாரும் நம்ப ஆரம்பித்துவிடுவார்கள். கொஞ்ச நாளில் நாமும் நம்பிவிடுவோம்.

வைத்திலிங்கம் உடையார்பாளையம் பக்கத்து விவசாயி. நிலத்தோடு இரண்டு டம்பரும் வைத்துச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் ஓட்டுகிறார். புதிதாக ஏலத்தில் எடுத்த மூன்றாவது டம்பர் சுரங்கத்தில் இறங்கிய இரண்டாம் மாதமே டேஷ்போர்டில் சிவப்பு விளக்குக் காட்டியது. ஐப்பசி மழையில் தமிழ்மொழியைக் கூப்பிட்டார். அவள் போய் லேப்டாப்பைச் செருகினாள். திரையில் ஓவர் ஸ்பீட் பதினான்கு முறை. பதினான்கும் சாலைக்குப் போடுகிற சரளைச் சுமையோடு பள்ளத்துக்குள் இறங்கும் நேரத்தில்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். திரையில் என்ன வந்தாலும், என்ஜின் முன்பக்கச் சக்கரத்தில் ஒரு மின்னும் ஸ்டிக்கரை ஒட்டி, மீட்டரைக் காட்டி, நிஜமான சுற்றைத் தானே அளந்த பிறகுதான் பேசுவது அவள் வழக்கம். அதற்குத்தான் அந்தச் சோப்பு டப்பா. அன்று மழை கொட்டியது. சக்கரத்தின் மேல் இருந்த கம்பிக் கூண்டைக் கழற்ற நான்கு போல்ட். வைத்திலிங்கம் கல்யாணத்துக்குப் போக வேண்டும் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எல்லாம் தெளிவாகத்தானே இருக்கிறது என்று டப்பாவைத் திறக்காமலே அவள் அறிக்கை எழுதினாள். இறக்கத்தில் தவறான கியர், டிரைவர் கவனக்குறைவு. நான்கடி தள்ளித் தார்ப்பாய்க்கு அடியில் டீயோடு நின்றிருந்த டிரைவரை அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

டிரைவர் பெயர் கொளஞ்சி. அந்தச் சுரங்கத்தில் பத்தொன்பது வருஷம். சேஃப்டி ஆபீசர் சிவசுப்பிரமணியன் அறிக்கையைப் படித்தார், கொளஞ்சியின் கேட் பாஸை ரத்து செய்தார், விதிப்படி பெயரையும் காரணத்தையும் கேட்டுக்குப் பக்கத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டினார். ஒரு சுரங்கத்தில் பாஸ் போனால் அக்கம்பக்கத்தில் ஒருத்தரும் டம்பர் சாவியைக் கொடுக்க மாட்டார்கள். "நான் அப்படி ஓட்டலிங்க" என்று மட்டும் கொளஞ்சி சொன்னாராம். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பொங்கல் முடிந்து வைத்திலிங்கம் மறுபடி கூப்பிட்டார்.

"புது டிரைவரு நல்லாத்தான் ஓட்டுறான். செவப்பு லைட்டே வரல. ஆனா வண்டில இழுவையே இல்லம்மா. லோடு ஏத்துனா மேட்டுல மூச்சு வாங்குது. வந்து ஒரு தடவ பாத்துடு."

இந்த முறை வெயில் அடித்தது, யாருக்கும் அவசரம் இல்லை. வண்டி சும்மா நின்று ஓடும்போதே உடம்பு குலுங்கியது. அவளுடைய காதுக்கு அது பிடிக்கவில்லை. நான்கு போல்ட்டையும் கழற்றி ஸ்டிக்கரை ஒட்டினாள். திரையில் எழுநூறு. கையிலிருந்த மீட்டரில் ஐந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு. மீட்டரைத் தட்டிவிட்டு மறுபடி காட்டினாள், அதே கணக்கு. ஆக்சிலேட்டரை முழுக்க மிதிக்கச் சொன்னாள். திரையில் இரண்டாயிரத்து நூறு, மீட்டரில் இரண்டாயிரத்தைத் தொடவே இல்லை.

தமிழ்மொழி மீட்டரைக் கீழே வைத்தாள். என்ஜின் ஓரத்தில் ஸ்டார்ட்டர் மோட்டாரைப் பார்த்தாள். வண்டி முழுக்க மஞ்சள், அது மட்டும் நீலம். மழையில் வந்த அன்றும் அதைப் பார்த்தாள், பார்த்துவிட்டுச் சும்மா இருந்தாள்.

என்ஜினின் பின்பக்கம் ஒரு பெரிய பல் சக்கரம் சுற்றும். ஸ்டார்ட்டர் அதைத்தான் கடித்துத் திருப்பும். பக்கத்தில் ஒரு சென்சார் உட்கார்ந்து, தன்னைக் கடந்து போகும் பற்களை எண்ணும். வேகத்தைக் கட்டுப்படுத்துகிற பெட்டிக்கு, நூற்றுப் பதினெட்டுப் பல் போனால் ஒரு சுற்று என்று கம்பெனியில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பழைய முதலாளி யாரோ ஸ்டார்ட்டர் கெட்டபோது வேறு என்ஜினுடையதை வாங்கி, அதற்குப் பொருந்துகிற பல் வளையத்தையும் அந்தச் சக்கரத்தில் சேர்த்து மாட்டிவிட்டார். பெட்டியிடம் சொல்ல மறந்துவிட்டார்.

அவள் படுத்துக்கொண்டு கீழே இருந்த சின்ன மூடியைத் திறந்து, ஒரு பல்லில் சாக்பீஸ் தடவி, கம்பியைச் செருகி என்ஜினைக் கையாலேயே திருப்பித் திருப்பி எண்ணினாள். நூற்று முப்பத்தெட்டு. மறுபடி எண்ணினாள். நூற்று முப்பத்தெட்டு.

நிஜத்தில் நூறு சுற்றினால் பெட்டி நூற்றுப் பதினேழு என்று எழுதியிருக்கிறது. ஏறும்போது, போதும் போதும் என்று முன்னாடியே டீசலைக் குறைத்திருக்கிறது, இழுவை இல்லை. இறங்கும்போது நியாயமான வேகத்தையே ஓவர் ஸ்பீட் என்று கத்தியிருக்கிறது. கொளஞ்சி சரியான கியரில்தான் இறக்கியிருக்கிறார். புது டிரைவர் பயந்துபோய்ப் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்குவதால்தான் விளக்கு எரியவில்லை.

பெட்டியில் பல் எண்ணிக்கையை மாற்ற இரண்டு நிமிடம் போதும். மாற்றினாள். வண்டி மேட்டில் மளமளவென்று ஏறியது. வைத்திலிங்கத்துக்கு வாயெல்லாம் பல்.

"ஐயா, மழையில வந்தப்ப நான் குடுத்த ரிப்போர்ட் தப்புங்க" என்றாள் தமிழ்மொழி.

"எது?"

"கொளஞ்சியண்ணன் மேல எழுதுனது. அவரு தப்பே பண்ணல. பெட்டி தப்பா எண்ணிருக்கு, நான் அத அப்படியே எழுதிட்டேன்."

வைத்திலிங்கம் துண்டால் முகத்தைத் துடைத்தார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் ஊர் முழுக்கக் கொளஞ்சியைப் பற்றிச் சொன்னவர் அவர்தான்.

"வண்டி சரியாயிடுச்சில்ல. அதோட வுட்டுடும்மா. பேப்பரு ஆபீசுக்குப் போயாச்சு. இப்பப் போயி தப்புன்னா ஒனக்குத்தான் அசிங்கம். நாளைக்கு எவன் ஒன்னையக் கூப்புடுவான்?"

அவர் சொன்னது உண்மை. அவளுக்குப் பயமாகவும் இருந்தது. சாமான்களை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். மத்தியானச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தவளை அறிவழகன் பார்த்தான். விஷயத்தைச் சொன்னாள்.

"நீயே போயி சொல்லிடு தமிழு" என்றான் அவன். "சொல்லாம இருந்தா ஒனக்குச் சோறு எறங்காது. இப்பவே எறங்கல."

கொளஞ்சி செட்டிகுளம் பக்கம் சின்ன வெங்காயக் கிடங்கில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார். நாற்பத்தெட்டு வயதுக்காரர், முதுகில் சாக்குத் துணியைப் போட்டுக்கொண்டு லாரிக்கும் கிடங்குக்கும் நடந்தார். தமிழ்மொழி நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். அவர் மூட்டையை இறக்கிவிட்டுக் கேட்டார். சுற்றி வெங்காயத் தோல் பறந்தது. முதல் கேள்வி அவள் நினைத்ததாக இல்லை.

"புதுசா வந்தவன் பிரேக்க மிதிச்சுக்கிட்டேவா எறக்குறான்?"

"ஆமாண்ணே."

"சூடேறிச் சமயத்துல புடிக்காமப் போயிரும். மொதல்ல அவங்கிட்ட சொல்லுங்க."

சொல்லிவிட்டதாகச் சொன்னாள். அதன் பிறகுதான் அவர் மூட்டை மேல் உட்கார்ந்தார்.

"என் பொண்ணு சண்முகப்பிரியா காலேஜ் படிக்குது. நான் அப்படி ஓட்டலம்மான்னேன். பேப்பர்ல இருக்கேப்பான்னுச்சு." சாக்குத் துணியை உதறி மடித்தார். "ஊரு நம்புனா நம்பிட்டுப் போவுது. அது நம்பிடுச்சேன்னுதான்."

தமிழ்மொழிக்குக் கண் கலங்கிவிட்டது. வெங்காயத்தின் மேல் பழி போட வசதியான இடம்தான், ஆனால் அவள் போடவில்லை.

"மன்னிச்சிருங்கண்ணே. வண்டில ஏற வாங்க. ஆபீசர் முன்னாடி ஓட்டிக் காட்டுங்க."

"வரேன். ஆனா எந்த போர்டுல எம்பேர ஒட்டுனாங்களோ, அதே போர்டுல ஒட்டணும். ஒட்டுவீங்களா?"

"நானே எழுதி ஒட்டுறேன்."

சிவசுப்பிரமணியன் லேசில் மசிகிற ஆள் இல்லை. "கம்ப்யூட்டர் ரிப்போர்ட் எப்படிம்மா மாறும்? அன்னைக்கு ஒண்ணு சொல்லுது, இன்னைக்கு ஒண்ணு சொல்லுதுன்னா நான் எத நம்புறது?"

"எதையும் நம்பாதீங்க சார். நீங்களே எண்ணுங்க."

இஸ்திரி கலையாத சட்டையோடு அவர் டம்பருக்கு அடியில் குனிந்தார். கொளஞ்சி கம்பியால் திருப்பினார், ஆபீசர் எண்ணினார். எழுபதில் விட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். நூற்று முப்பத்தெட்டில் சாக்பீஸ் பல் திரும்பி வந்தபோது கையைத் துடைத்துக்கொண்டே எழுந்தார். அப்புறம் வாதம் செய்யவில்லை.

ஆனால் ஓட்டிக் காட்டியே ஆக வேண்டும் என்றார், முழுச் சுமையோடு. அன்று சரளைச் சுமையை மேலிருந்து பள்ளத்துச் சாலைக்கு இறக்குகிற வேலை நடந்தது. மூன்று மாதமாகச் சாவியைத் தொடாத கொளஞ்சி படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஏறினார். பக்கத்து இருக்கையில் லேப்டாப்பை மடியில் வைத்துத் தமிழ்மொழி. கீழே வைத்திலிங்கம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

சரிவு தொடங்கியதும் அவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இரண்டாயிரத்து நானூறைத் தாண்டினால்தான் பெட்டி ஓவர் ஸ்பீட் என்று எழுதும். இரண்டாயிரம். இரண்டாயிரத்து எண்பது. இரண்டாயிரத்து நூற்று முப்பது. தன் கணக்கில் இன்னொரு பிழை இருந்தால் இந்த மனிதரை இரண்டாம் முறையும் கவிழ்த்தவள் ஆவோமே என்று பயந்தாள். கொளஞ்சி திரையைப் பார்க்கவே இல்லை. தலையைச் சாய்த்து என்ஜினைக் கேட்டுக்கொண்டே இறக்கினார், கால் பிரேக்கைத் தேடவில்லை. இரண்டாயிரத்து நூற்றைம்பதில் அது நின்றது. கீழே சமதளத்துக்கு வந்ததும் தானாக இறங்கியது. அப்படியே மூன்று நடை. பதிவில் ஓவர் ஸ்பீட் பூஜ்யம்.

"ஒண்ணு கேக்கட்டுமா தமிழம்மா" என்றார் அவர், கடைசி நடையில். குரலில் கோபம் இல்லை. "இந்த வண்டி வந்த மொத நாள்லேருந்து நின்னு ஓடுறப்ப குலுங்குது. மீட்டர் ஒரு வேகம் சொல்லுது, சத்தம் ஒரு வேகம் சொல்லுதுன்னு எனக்குத் தெரியும். அன்னிக்கு நாலடி தள்ளித்தானே நின்னேன். ஏன் கேக்கல?"

போன் மேஜையில் எட்டு வருஷம், முகம் தெரியாத டிரைவர்களைக் கேட்டுக் கேட்டே தொழில் படித்தவள் அவள். லேப்டாப் வந்த பிறகு கேட்பதை எப்போது நிறுத்தினாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"திரையில எல்லாம் இருக்குன்னு நெனச்சுட்டேண்ணே" என்றாள்.

நோட்டீஸ் போர்டில் இரண்டு காகிதமும் ஒரு வாரம் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. புதியதைத் தமிழ்மொழி கையாலேயே எழுதியிருந்தாள். பல் எண்ணிக்கை, பெட்டியின் பிழை, கடைசியில், "டிரைவர் கொளஞ்சி மீது தவறு இல்லை. தவறு என்னுடையது." கொளஞ்சி அதை எழுத்துக்கூட்டாமல் நிதானமாகப் படித்தார், போனில் படம் எடுத்தார், மகளுக்கு அனுப்பினார். பதில் எழுத்தில் வரவில்லை, போனே அடித்தது. அவர் கேட்டுக்கு வெளியே தள்ளிப்போய் நின்று, வெகு நேரம் பேசினார். வைத்திலிங்கம் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, அவர் பேசி முடிக்கும்வரை வெயிலில் காத்திருந்தார். பிறகு, "வா கொளஞ்சி" என்று மட்டும் சொல்லிக் கொடுத்தார். அவருக்குத் தெரிந்த மன்னிப்பு அவ்வளவுதான்.

தமிழ்மொழியை ஊர் கூப்பிடாமல் விட்டுவிடவில்லை. தன் தப்பைத் தானே போர்டில் ஒட்டினவள் என்று சொல்லிக் கூப்பிட்டார்கள். நடுவில் இரண்டு வாரம் போன் அடிக்காமல் கிடந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்த இரண்டு வாரத்தில் அவள் ஒரு வேலை செய்தாள். தன் அறிக்கைப் படிவத்தைப் புதிதாக அச்சடித்தாள். பழையதில் வண்டி எண்ணுக்குக் கீழே, திரையில் வந்த கோளாறை எழுதுகிற கட்டம் இருக்கும். புதியதில் அதற்கு மேலே இன்னொரு கட்டம் வந்தது. டிரைவர் சொல்வது.

மாசி மாதம் அந்த டம்பரை வழக்கமான சோதனைக்குப் பார்க்கப் போனாள். லேப்டாப்பைத் திறக்கவில்லை. படிவத்தை மடியில் வைத்துப் பேனாவை எடுத்தாள்.

"சொல்லுங்கண்ணே, வண்டி எப்படி இருக்கு?"

கொளஞ்சி டீயைக் கீழே வைத்தார். இப்படி ஒருத்தர் எழுதிக்கொள்ளக் காத்திருப்பது அவருக்குப் புதிது. தொண்டையைச் செருமினார், சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"எழுதிக்கங்க" என்றார். "இப்ப சொன்ன பேச்சு கேக்குது."